அறவிலை வணிகமும் ஆறு மணி நேரமும்

ஆசிரியருக்கு,

மறுமை இல்லை, மேலிருந்து பார்ப்பவரும் இல்லை என்றால் நல்லவனாக இருப்பானேன் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் செங்கோட்டைப் பக்கத்து மலையிலேயே பழைய பதில் இருக்கிறது. பொதியமலையை ஆண்ட ஆய் அண்டிரன், இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் என்கிறார் சங்கப் புலவர் முடமோசியார் (புறநானூறு 134). மேலுலகமே இல்லை என்றாலும் ஈதல் நன்று என்று வள்ளுவரும் 222ஆம் குறளில் முடித்துவிட்டார்.

கைம்மாறு வரவே வழியில்லாத கொடை கண்ணும் உடலும்தான். அதில் மனம் இருந்தும் கோட்டை விடுகிறோம். 'புனலூரிலிருந்து மகள் வரட்டும், கொல்லத்திலிருந்து தம்பி வரட்டும்' என்று காத்திருப்பதில் ஆறு மணி நேரம் ஓடிவிடுகிறது. அதற்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். உயிர் பிரிந்ததும் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் கருவிழி உலர்ந்துவிடும். ஏசி இருந்தால் ஓடட்டும். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுத்தால் ரத்தக் கசிவும் வீக்கமும் குறையும். குழு வீட்டுக்கே வரும். கால் மணி, அரை மணி நேர வேலை. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்க மாட்டார்கள். முன்பதிவு இல்லாவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். பதிவு இருந்தும் வீட்டார் மறுத்தால் வந்தவர்கள் திரும்பிப் போவதுதான் நடைமுறை.

உடல் தானம் வேறு கதை. அதை வாங்குவது மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை. உயிரோடு இருக்கும்போதே படிவத்தில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். அதில் ஒருவர் நெருங்கிய உறவாக இருப்பது நல்லது. இறந்ததும் மருத்துவரின் இறப்புச் சான்றும் ஆதார் நகல்களும் தேவை. பிரேதப் பரிசோதனை ஆன உடலையும் தொற்றுநோயால் இறந்தவர் உடலையும் ஏற்பதில்லை. கண் கொடுத்திருந்தால் தடையில்லை. தாமதமானால் ரத்தம் உறைந்து, பதப்படுத்தும் ஃபார்மலின் உடலெங்கும் பரவாது. உறவினருக்காக வைத்திருந்தால் ஃப்ரீசர் பெட்டி கட்டாயம். பாபநாசத்தில் கரைக்கச் சாம்பல் கிடைக்காது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைசி நேரச் சண்டை பெரும்பாலும் அதில்தான் வருகிறது. திருநெல்வேலியில் படிவம் கொடுத்தவர் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் இறந்தால், மாநில எல்லையான புளியறை தாண்டி உடலைக் கொண்டுவர மல்லுக்கட்டாமல் அங்குள்ள கல்லூரியையே கேட்பது மேல்.

இறந்தபின் கொடுக்கும் இதயம், கல்லீரல் போன்றவை பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தே எடுக்கப்படுகின்றன; வீட்டில் இறந்தவரிடம் அதற்கு வாய்ப்பில்லை. அப்படி உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு 2023இல் அறிவித்தது நல்லதுதான். ஆனாலும் ஆய் அண்டிரன் அதைக் கேட்டிருக்க மாட்டான்.

படிவத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் ரேஷன் கார்டோடு வையுங்கள். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வரும் பக்கத்தின் அடியில், அந்தந்த மாவட்டக் கண் வங்கியின் தொலைபேசி எண்ணைத் தினமும் ஒரு வரி போடுங்கள்.

– வாசகர், செங்கோட்டை