செயலாளர் ஆண்டறிக்கை: கிருஷ்ணகிரி நாதசுரம், தவில் கலைஞர்கள்

தலைவர் அவர்களுக்கும் மூத்த வித்துவான்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வைகாசியிலும் ஆவணியிலும் மாதக் கூட்டம் நடக்கவில்லை. யாருக்குப் போன் போட்டாலும் கெட்டிமேளம்தான் கேட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி வாங்கத் தரும் 10,000 ரூபாய்க்கு நம்மவர்கள் சிலர் மனுப் போட்டார்கள். ஒருவர் மனு திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். ஊரார் அவரைக் கூப்பிடுவதோ மூன்றாவது பெயர். எல்லோரும் பெயரை இப்போதே திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

மனுக்களோடு அலைந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கற்கும் பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, நாதசுரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். வாசிக்க முடியாமல் ஓய்ந்த நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் வருகிறது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் நாற்பது வயதில், தொழிலில் இருக்கும்போதே மேலே கற்க நினைப்பவர் எங்கே போவார்? நம்மில் பலருக்குத் தகப்பனாரிடம் கேட்ட பாடத்தோடு சரி. கல்யாணத்தில் ஆலாபனையைத் தொடங்கினால் சினிமாப் பாட்டு கேட்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடமும் தெலுங்கும். கேட்டதை வாசித்து வாசித்து, கற்ற வர்ணமே கையை விட்டுப் போகிறது.

அதனால்தான் ஆடியில் மூன்று நாள் பயிற்சி வைத்தோம். ஆடியில் முகூர்த்தம் இல்லை. அம்மன் கோயில்களிலும் பம்பைக்குத்தான் கிராக்கி. வெளியூர் வித்துவான் ஒருவர் வந்து மூன்று நாளும் கல்யாணி ராகம் ஒன்றையே எடுத்துக்கொண்டார். தவிலுக்கு மிஸ்ர சாப்பு தாளம். பேரன் எடுத்த பெரியவர் ஒருவர் பள்ளிக்கூட நோட்டு வாங்கி வந்து ஸ்வரம் எழுதினார். கடைசி நாள் மாலை, நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை இழைத்துச் சரிசெய்யும் விதத்தை வித்துவான் சொன்னார். அதற்குத்தான் கூட்டம் அதிகம். செலவு நம் கையிருப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. வந்தவர்களுக்குச் சாப்பாடு போட முடிந்தது, படி கொடுக்க முடியவில்லை.

ஆகவே, ஆண்டுதோறும் ஆடியில் பத்து நாள், தொழில் செய்வோருக்கு வயது வரம்பில்லாமல், நாள்படியோடு இசைப்பள்ளியிலேயே பயிற்சி வேண்டும் என்று ஆட்சியர் வழியாகக் கலை பண்பாட்டுத் துறைக்கு மனு எழுதியிருக்கிறேன். இன்று கூட்டம் முடிவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தை முகூர்த்தத்துக்குத் திருவாவடுதுறைச் சீவாளி மொத்தமாக வரவழைக்கிறோம். வேண்டியவர்கள் பொருளாளரிடம் பணம் கட்டலாம். போன முறைப் பாக்கி வைத்தவர்கள் முதலில் அதைத் தீர்க்கவும்.