பால் கொப்பி பார்த்து எழுதித் தந்தவருக்கு எமது நன்றி

டித்வா புயலில் மாடுகளை இழந்த எமது மட்டக்களப்பு மாவட்டக் கிரான் பிரதேசக் குடும்பங்களுக்குரிய இழப்பீட்டுப் பணம் வங்கிக் கணக்குகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளத்தைப் பற்றி இங்கு எழுதவில்லை. அதை எல்லோரும் அறிவீர்கள்.

எமது முதல் நன்றி பால் சேகரிப்பு நிலையத்தில் பால் அளக்கும் அண்ணனுக்கு உரியது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பெரும்போகத்தில் வயல் விதைத்துவிட்டால் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது என்பதால், மழைக்காலம் முழுவதும் எமது மாட்டுப் பட்டிகள் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைகளிலேயே நிற்கும். அங்கிருந்து ஆற்றோடு போன மாட்டுக்குப் படமும் இல்லை, அடையாள இலக்கமிட்ட காதுப்பட்டியும் கையில் இல்லை. குறி சுட்ட மாடு யாருடையது என்று ஊருக்குத் தெரியும், இழப்பீட்டுப் படிவத்துக்குத் தெரியாது. இறந்துபோன கணவரின் பெயரில் இருந்த மாட்டுப் பதிவட்டையோடு வரிசையில் நின்ற பெண்களின் பாடு இதைவிடச் சிக்கலாக இருந்தது.

அப்போது அந்த அண்ணன், ஒருவரும் கேளாமலே, பால் அளவைக் குறித்துவைக்கும் பழைய பால் கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வீட்டார் எந்த மாதத்தில் எத்தனை லீற்றர் ஊற்றினார்கள் என்பதைக் குடும்பம் குடும்பமாகத் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பால் வரத்து நின்று அவருடைய வருமானமும் அற்றுப்போயிருந்த நாட்கள் அவை. பசு ஈன்றபோது கூடியும் வற்றுக்காலத்தில் குறைந்தும் வந்த அந்த அளவுகளைப் பார்த்த எவரும் அது இட்டுக்கட்டிய கணக்கு என்று சொல்லமாட்டார்கள். பல வீடுகளில் பால் கொண்டுபோவது பெண்களே என்பதால், பதிவட்டையில் இல்லாத அவர்களுடைய பெயர்கள் கொப்பியில் இருந்தன.

அத்தாள்களை ஆதாரமாக ஏற்றுக்கொண்ட கால்நடை வைத்தியருக்கும், கிராம உத்தியோகத்தர்களுக்கும், பிரதேச செயலக அலுவலர்களுக்கும், வீதி மூழ்கியிருந்தபோது படகு ஓட்டியவர்களுக்கும், செத்த மாடுகளைப் புதைக்க மண்வெட்டியோடு வந்த இளைஞர்களுக்கும், மிஞ்சிய கன்றுகளுக்கு வைக்கோல் அனுப்பிய, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை உறவுகளுக்கும் எமது நன்றி.

கிடைத்த பணம் பட்டி முழுவதற்கும் ஈடாகாது. கலப்பினப் பசுவை விட நாட்டு மாட்டுக்குத் தொகை குறைவு, எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. எங்கள் வெயிலைத் தாங்குவது நாட்டு மாடுதான் என்பதால் இந்தக் கணக்கில் எமக்கு உடன்பாடில்லை. எனினும் அது வேறொரு மடலில் எழுதவேண்டிய விடயம். இருந்தும் பலர் இப்பணத்தைக் கொண்டு சினைப்பசு தேடத் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த பெரும்போகத்துக்குப் பட்டி புறப்படுமுன் ஒவ்வொரு மாட்டுக்கும் காதுப்பட்டி போட்டு, பதிவட்டைகளை உண்மையில் மாடு பார்ப்பவரின் பெயருக்கு மாற்றிவிடுவதென்று நாம் கூடி முடிவெடுத்திருக்கிறோம். கையெழுத்து வராதவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதாக அந்த அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார்.

கிரான் பிரதேசக் கால்நடை வளர்ப்போர் சார்பில்,
ஒரு பண்ணையாளர்