எலிகளை வெட்டிவிட்டு முழுப் படம் என்று விற்காதீர்கள்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். உதவிப் பக்கத்தில் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு மனிதர் படியுங்கள், உங்கள் சாட் பெட்டி அனுப்பும் பதில்களைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 24 சாயங்காலம் உங்கள் செயலியில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சிறப்பு வரிசையில் இருந்த 'தி டெய்லர் ஆஃப் க்ளாஸ்டர்' அனிமேஷன் படத்தைத் தனியாகக் காசு கட்டி வாங்கினேன். என்னிடம் சந்தா ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் விளம்பரம் இல்லாத உயர்ந்த சந்தா, அதற்கு மேலும் இதற்குத் தனிக் கட்டணம். சரி, ஆங்கிலத்தில் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படம் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதை, 1990களில் பிபிசிக்காகக் கையால் வரைந்து எடுத்த படம், இப்போது வருகிற கத்தல் கார்ட்டூன்களுக்கு நடுவில் இப்படி ஒன்று கிடைப்பதே பெரிது என்று நினைத்துத்தான் கட்டினேன். நீங்கள் கொடுத்ததில் முக்கால் படம்தான் இருக்கிறது.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தப் படம் எடுத்த காலத்தில் டிவி கிட்டத்தட்டச் சதுரம், அகலத்துக்கும் உயரத்துக்கும் 4:3 கணக்கு. இன்றைக்கு 16:9. பழைய படத்தை அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும், அவ்வளவுதான், யாரும் செத்துப்போக மாட்டார்கள். உங்கள் ஆட்களுக்கு அந்தப் பட்டை பிடிக்கவில்லை போல. திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், உயரத்தில் கால்வாசி காணாமல் போகும். மனிதர்கள் நின்று பேசுகிற படமாக இருந்தால் கொஞ்சம் நெற்றி, கொஞ்சம் கால் போகும், கதை எப்படியோ ஓடிவிடும். இது எலிகள் கதை ஐயா. எலி தரையில் இருக்கும், மேசைக்கு அடியில் இருக்கும், அதாவது நீங்கள் வெட்டி எறிந்த இடத்தில்தான் இருக்கும்.

கதை தெரியாமலே இந்தப் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். க்ளாஸ்டர் நகரத்தில் ஓர் ஏழைத் தையல்காரர். மேயருக்குக் கிறிஸ்துமஸ் அன்று கல்யாணம், அதற்குச் செர்ரிப் பழ நிறப் பட்டில் ஒரு கோட்டு தைக்க வேண்டும். துணியெல்லாம் வெட்டி வைத்தாயிற்று, காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கப் பட்டு நூல் மட்டும் குறைகிறது. கையில் இருந்த கடைசிக் காசைக் கொடுத்துச் சிம்ப்கின் என்கிற தன் பூனையைக் கடைக்கு அனுப்புகிறார். பூனை ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று டீக் கோப்பைகளுக்கு அடியில் எலிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறது, இவர் அதையெல்லாம் திறந்து விட்டுவிடுகிறார். வந்து பார்த்த பூனை, கோபத்தில் வாங்கி வந்த நூலை டீப்பாட்டுக்குள் ஒளித்து வைத்துவிடுகிறது. மனுஷன் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, விலங்குகள் எல்லாம் பேசும் என்று சொல்லப்படுகிற அந்த ராத்திரியில், விடுதலையான எலிகள் கடையில் உட்கார்ந்து கோட்டை முழுக்கத் தைத்து முடிக்கின்றன. ஒரே ஒரு காஜாவைத் தவிர. அதில் பொடி எழுத்தில் ஒரு சீட்டைக் குத்தி வைத்திருக்கின்றன: நூல் இல்லை.

மொத்தக் கதையும் அந்தச் சீட்டில்தான் தொங்குகிறது. உங்கள் படத்தில் அந்தச் சீட்டின் மேல் ஓரம் மட்டும் தெரிகிறது. அந்த ஓரத்தின் மேலேயும் வசன வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் அம்மா வீட்டிலேயே மிஷின் வைத்துத் தைத்து எங்களைப் படிக்க வைத்தவர், கார்ட்டூன் பக்கமே திரும்பாதவர், காஜா என்று கேட்டதும் கட்டிலில் இருந்து எழுந்து வந்து உட்கார்ந்து "பட்டுத் துணிக்குப் பட்டு நூல்தான் போடணும், சாதா நூல் போட்டா சுருங்கும்" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கு ஆறு வயது. "எலிக்கு ஏம்மா அதை மட்டும் தைக்கத் தெரியல?" என்று கேட்டாள். எலிக்குத் தெரியும் கண்ணு, இந்தக் கம்பெனிக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் கோட்டோடு போடுகிற உள்கோட்டில் பூ வேலை இருக்கிறதே, அது பாட்டர் சும்மா கற்பனையில் போட்டது இல்லை. லண்டனில் இன்றைக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று சொல்கிற இடத்தில் இருந்த 18-ஆம் நூற்றாண்டு உடைகளை நேரில் பார்த்துத் தன் புத்தகத்துக்கு வரைந்தது. அந்த ஓவியங்களைப் பார்த்துத்தான் படக்காரர்கள் ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்திருக்கிறார்கள். நீங்கள் கத்தரி வைத்தது அதன் ஓரத்தில்.

கத்தரி என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தக் கதையை வெட்டியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1901 கிறிஸ்துமஸுக்கு, உடம்பு சரியில்லாமல் இருந்த ஃப்ரீடா மூர் என்ற சிறுமிக்குப் பரிசாகத்தான் பாட்டர் இதைக் கையால் எழுதிப் படம் போட்டுக் கொடுத்தார். கதைக்குள் பழைய பாட்டுகள் நிறைய வைத்திருந்தார், பதிப்பாளர் அதிலெல்லாம் கை வைப்பார் என்று தெரிந்து 1902 டிசம்பரில் தன் சொந்தச் செலவில் 500 பிரதி அச்சடித்தார். அவர் நினைத்தபடியே 1903-இல் ஃப்ரெடரிக் வார்ன் பதிப்பு வந்தபோது பாட்டுகள் நிறையப் போய்விட்டன. ஆனால் அந்தப் புத்தகத்திலும் சீட்டு இருந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் தொடக்கத்தில் நடிகை நியாம் கியூசாக் பாட்டராக நடித்து வரும் காட்சியை 'அறிமுகம்' என்று நினைத்து உங்கள் செயலி தானாகவே தாண்டிவிடுகிறது, அதை நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கதை ஆரம்பித்துவிடுகிறது. முடிவில் பெயர்கள் ஓடும்போது படம் மூலையில் சுருங்கி, ஏதோ ரோபோ சண்டை கார்ட்டூன் முழுச் சத்தத்தில் அலறுகிறது. ராத்திரி நேரம், நடுச்சாமப் பூசைக்குப் போவதற்கு முன் பிள்ளையைக் கொஞ்சம் தூங்க வைக்கலாம் என்றுதான் இந்தப் படத்தையே போட்டேன்.

உங்கள் ஆளிடம் பேசியதில் டிவி செட்டிங்கை மாற்றச் சொன்னார், அப்புறம் செயலி சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகத் தகவல்களை (கேஷ்) அழிக்கச் சொன்னார், அப்புறம் செயலியை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். எல்லாம் செய்தாயிற்று. போனிலும் லேப்டாப்பிலும் அதே வெட்டுதான். அண்ணன் லண்டனில் இருந்து எப்போதோ கொண்டு வந்த பழைய டிவிடி வீட்டில் கிடந்தது, கீறல் விழுந்ததுதான், ஆனால் அந்தக் காட்சி ஓடுகிறது, சீட்டு முழுசாகத் தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். கட்டண ரசீதும் இருக்கிறது. கடைசியில் அவர் கொடுத்தது அடுத்த வாடகைப் படத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன். இன்னொரு முக்கால் படம் எனக்கு எதற்கு?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. படத்தை 4:3-லேயே, பட்டையோடு, வெட்டாமல் போடுங்கள். தொடக்கக் காட்சி தானாகத் தாண்டுவதை நிறுத்துங்கள். அது முடியாதென்றால் கட்டிய பணத்தை வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள், கூப்பன் வேண்டாம். எங்கள் வீட்டில் குடிலைப் பிரிப்பது மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அப்புறம்தான், ஜனவரி 6 வரை பார்ப்பேன். அதற்குள் சரியான படம் வந்தால் மகளுக்கு இன்னொரு முறை போட்டுக் காட்டுவேன். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிவு செய்வேன், இந்தக் கடிதத்தையும் அந்த இரண்டு படங்களையும் அங்கேயும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்