கலாம் பிறந்த வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

கோலாலம்பூரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். பயண நிரலில் ‘அப்துல் கலாம் இல்லம்’ என்று அச்சிடுகிறீர்கள். பேருந்து நிற்பதோ பெரும்பாலும் பேய்க்கரும்பில். அது அவரை அடக்கம் செய்த இடம். 2017இல் திறக்கப்பட்ட நினைவிடம். வீடு ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. நினைவிடம் நெடுஞ்சாலையோரம் என்பதால் ஓட்டுநருக்கு வசதி, அங்கேயே இறக்கிவிடுகிறார். பெரியவர்களும் வீட்டைப் பார்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு திரும்புகிறார்கள். பணம் கட்டி வந்தவர்களுக்கு இது நியாயமில்லை.

பாம்பன் தாண்டி ஊருக்குள் போகும் வழியிலேயே பேய்க்கரும்பு வந்துவிடும். வரும்போதோ திரும்பும்போதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டைக் கோயில் நாளோடு சேருங்கள். கோயிலிலிருந்து ஏறக்குறைய பத்து நிமிட நடைதான். பெரிய பேருந்துக்கு அந்தத் தெரு தோதுப்படாது. முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள்.

முதலில் கோயில்தான். அக்னி தீர்த்தம், 22 தீர்த்தங்கள், தரிசனம் முடித்து, ஈரத்துணி மாற்றிப் பசியாறியபின் பத்து மணிவாக்கில் வீட்டுக்குப் போகலாம். வீட்டை முன்னால் வைத்தால் தீர்த்த வரிசையில் நேரம் போய், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மூன்று மணிவரை காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் அந்தத் தெருவுக்குக் கூட்டமாகப் போகாதீர்கள்.

கண்காட்சி மாடியில் இருக்கிறது. முட்டிவலி உள்ளவர்களிடம் படி ஏற வேண்டும் என்பதைக் கோலாலம்பூரிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே படம் எடுக்க முடியாது என்பதையும்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடு அது. இன்று நிற்பது புதுப்பித்து மாடி எழுப்பிய கட்டடம். பழைய வீட்டை அப்படியே எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

அந்த ஏமாற்றத்தைப் போக்க வழிகாட்டிக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர் என்பதோடு நிறுத்தினால் பிள்ளைகள் கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள். 1931இல் பிறந்த அந்தச் சிறுவன் புளியங்கொட்டை பொறுக்கி இதே தெருக் கடையில் விற்றான், நாளுக்கு ஓரணா கிடைத்தது என்று சொல்லுங்கள். உலகப்போர் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் வண்டியிலிருந்து வீசிய நாளிதழ்க் கட்டுகளைப் பிடிக்க உறவினருக்கு உதவினான். அவனுடைய தந்தை மரப்படகு கட்டித் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றதும் உங்கள் குழுவினரைப் போன்ற யாத்திரிகர்களைத்தான்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கான நிரலில் இப்படிப் போடுங்கள்: ‘காலை 10: கலாம் பிறந்த வீடு, பள்ளிவாசல் தெரு, ஒரு மணி நேரம். நினைவிடம், பேய்க்கரும்பு: ஊர் திரும்பும் வழியில்.’