முதல் வாரத்து வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுவடைக்காக வெளியிடத்திலிருந்து வந்த தற்காலிகத் தொழிலாளி வயலில் சுருண்டு விழுந்தால், ‘அன்றைக்குக் கடும் வெயில்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் வேலைக்கு வந்து எத்தனையாவது நாள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் 50 முதல் 70 சதவீதம் முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு.

வெயிலுக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். பழகிய உடல் சீக்கிரம் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாகவே போகும். ‘ஊரில் வெயிலில் உழைத்தவர்தானே’ என்பது சரியல்ல. பயணம், காத்திருப்பு என்று ஒரு வாரம் கழிந்தாலே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கிவிடும். ஆகவே புதியவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம்தான் வெயிலில் வேலை. பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது.

பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி தரும் இடங்களில் இது ஏட்டோடு நின்றுவிடும். கடன் வாங்கி வந்தவர் வருமானத்தை விட்டுவிட்டு நிழலுக்குப் போகமாட்டார். முதல் வாரத்துக்காவது முழு நாள்கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 240 மில்லி தண்ணீர் தேவை. மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். கழிப்பறை இல்லாத வயலில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். கழிப்பறை கட்டாமல் தண்ணீர் கேன் மட்டும் வைத்துப் பயனில்லை.

உளறல், தள்ளாட்டம், வலிப்பு வந்தால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் அப்படி என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வண்டி வரட்டும் என்று சும்மா படுக்க வைத்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் உயிரைக் குடிக்கிறது.

கண்பாவை சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் வழிந்தால் பூச்சிமருந்து நஞ்சா என்று சந்தேகிக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அவர் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளையும் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

புதிதாக வந்தவருக்கு வயலின் முகவரியே தெரியாது. அதையும் அவசர உதவி எண்ணையும் அவர் மொழியில் எழுதி, வந்த அன்றே ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வேளாண் தொழிலாளர் நலப் பணியாளர்கள்