32 பக்கத்தில் ஒரு முத்துலட்சுமி

வவுனியா,
மார்கழி

அன்பின் தேவிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முத்தையன்கட்டு வான் பாய்ந்தாலும் உங்கள் வயலுக்குள் வெள்ளம் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். மனம் ஆறியது. அம்மாவின் முழங்கால் நோவு இந்த ஈரத்தில் கூடத்தான் செய்யும். பனி விட்டதும் குறையும் என்று சொல்லு. இங்கே எல்லாரும் சுகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தரம் 4, 5 பிள்ளைகளின் வாசிப்பு மூலைக்கு, சென்னையில் டாக்டராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நீ எழுதத் தொடங்கியிருப்பது சரியான சந்தோஷம். அனுப்பிய நாலு பக்கத்தையும் இரண்டுதரம் வாசித்தேன். மொழி அழகாக ஓடுகிறது. ஆனால் முதல் வரியை வெட்டு. ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்பது பிழை. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கியது 1886 மார்ச்சில். முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தது அதே ஆண்டு ஜூலை 30. சட்டசபைக்குப் போன முதல் பெண் என்பதையும் அப்படியே விடாதே. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே நியமிக்கப்பட்டிருந்தார். ‘பிரித்தானிய இந்தியாவில்’ என்று ஒரு சொல் சேர்த்தால் வசனம் நிமிர்ந்துவிடும். பிள்ளைகளுக்கான சரித்திரங்களில் கூடுதலாகக் கெட்டுப்போவது இந்த ‘முதல்’தான். எழுதுகிறவர் எந்த ஊரில், எதில், எந்த ஆண்டில் என்பதை விட்டுவிடுவார். பிள்ளை அதைப் பொது அறிவுக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கிவிடும். பிறகு அழிக்க ஏலாது.

சபையின் பெயரையும் கவனி. முத்துலட்சுமி 1927இல் இருந்த சபையைச் ‘சட்ட மேலவை’ என்று எழுதியிருக்கிறாய். அப்போது சென்னை மாகாணத்தில் சபை ஒன்றுதான். மேலவை, கீழவை என்று பிரிந்தது 1937இல். ‘சட்டசபை’ என்றே போடு. அவர் வகித்த துணைத்தலைவர் பதவியை, எங்கள் பாராளுமன்றத்தில் பிரதிச் சபாநாயகர் இருப்பது போல என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். சபைக்கு அவர் வாக்கில் தெரிவாகிப் போகவில்லை, நியமிக்கப்பட்டார். அதை மறைக்கத் தேவையில்லை. துணைத்தலைவராக அவரைத் தெரிவு செய்தவர்கள் சபையில் இருந்த ஆண்கள்தான். அந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால் அதுவே பெரிய பாடம்.

பெயர் விஷயமும் ஒன்று. ‘ரெட்டி’ 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கலியாணம் செய்த பிறகு வந்தது. அதுவரைக்கும் வெறும் முத்துலட்சுமி. படிக்கிற பெட்டையை முதல் பக்கத்திலிருந்தே ‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்’ என்று நீ கூப்பிட்டால், பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து இருக்க ஒரு சிறுமி இல்லை, ஒரு சிலைதான் இருக்கும்.

நான் மிகவும் சொல்ல விரும்புவது தாயைப் பற்றி. நாலு பக்கத்திலும் தகப்பன் நாராயணசாமி ஐயர் வருகிறார், கல்லூரி வருகிறது, புதுக்கோட்டை மகாராஜா வருகிறார். சந்திரம்மாள் ஒரு வரியோடு போய்விட்டார். அவர் தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண். படிக்கப் போன மகளுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு வந்தது, பிறகு மகள் ஏன் தேவதாசி முறைக்கு எதிராக நின்றார் என்ற இரண்டுக்கும் விடை அந்தத் தாயிடம் இருக்கிறது. தாயை எடுத்துவிட்டால் மிச்சம் ‘கெட்டிக்காரப் பிள்ளை படித்துப் பெரிய ஆளானது’ என்ற கதைதான். அது யாருக்கும் பொருந்தும்.

பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்டுதலை, அதாவது தேவதாசியாக்கும் சடங்கை, எப்படிச் சொல்வது என்று கேட்டாய். மறைத்தாலும் பிழை, முழுவதும் விரித்தாலும் பிழை. இப்படிப் போட்டுப் பார்: ‘அந்தக் காலத்தில் சில பெண் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கோயிலுக்கு என்று ஒப்படைத்துத் தாலி கட்டிவிடுவார்கள். அவர்கள் ஆடவும் பாடவும் நன்றாகக் கற்றார்கள். ஆனால் யாரோடு வாழ்வது, எப்படி வாழ்வது என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. பணக்கார ஆண்கள் தீர்மானித்தார்கள்.’ நாலு வசனம், பழி அந்தப் பெண்கள்மேல் விழவில்லை. ‘ஒழுக்கம் கெட்ட வழக்கம்’ என்று நீ எழுதியிருந்த சொல்லை எடுத்துவிடு. அது வாசிக்கிற பிள்ளையின் மனதில் வழக்கத்தில் ஒட்டாது, பெண்ணில் ஒட்டும்.

சட்டத்தை ‘அவர் கொண்டுவந்தார், நிறைவேறியது’ என்று ஒரே மூச்சில் முடித்திருக்கிறாய். நடந்தது அப்படியில்லை. 1929இல் கோயில் மானிய நிலங்களைத் தேவதாசிச் சேவைக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் திருத்தம் முதலில் வந்தது. அந்தப் பெண்கள் சாப்பாட்டுக்கு அந்த நிலத்தை நம்பியிருந்தார்கள். நிலம் கையில் நிற்கும் என்றால்தான் கோயிலை விட்டு வெளியே வர முடியும். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் மசோதாவை 1930இல் வைத்தார். அதே ஆண்டு காந்தி கைதானதும் பதவியை விட்டுவிட்டார். சட்டம் ஆனது 1947இல், அவர் சபையில் இல்லாத காலத்தில். இடையில் 17 ஆண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்த மரபுக்குள் இருந்தே எழுந்து ஊர் ஊராகப் பேசினார். அவருக்கு ஒரு பக்கம் கொடு. 17 ஆண்டு எவ்வளவு என்பதைப் படமாகக் காட்டு: முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடமும் முடித்துக் கம்பசும் முடித்து வருகிற காலம்.

ஔவை இல்லத்தை எழுதும்போது மிகவும் பதமாக எழுது. அந்த மரபை விட்டு வந்த பெண் பிள்ளைகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது தன் வீட்டிலேயே இடம் கொடுத்துத் தொடங்கியது அது. உன் வகுப்பில் சிறுவர் இல்லத்திலிருந்து வருகிற பிள்ளைகளும் இருப்பார்கள், அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். ‘அநாதைகள்’, ‘கதியற்றவர்கள்’ என்ற சொற்கள் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்று எழுது: படித்தார்கள், தொழில் பழகினார்கள். பரிதாபம் தானாகப் போய்விடும்.

கடைசிப் பகுதிக்கு முத்துலட்சுமியின் தங்கையின் புற்றுநோய் மரணத்தை வை. அதிலிருந்துதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் 12 கட்டில்களோடு தொடங்கியது. அப்போது முத்துலட்சுமி 70 வயதை நெருங்கிவிட்டார். ‘12 கட்டில்’ என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், ‘உலகப் புகழ்பெற்ற’ என்பது காதில் விழாது. பத்மபூஷண் 1956, மறைவு 1968. இவற்றுக்கு ஒரு வரி போதும்.

அச்சு விஷயம். 8 ஏ4 தாளை நடுவில் மடித்தால் 32 பக்கம். அட்டைக்குத் தனியாகத் தடித்த தாள். ஒரு பக்கத்துக்கு 40 அல்லது 45 சொல், எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல். எழுத்துக்கு 24 பக்கம், படத்துக்கு மிச்சம் 8. பக்கங்களை அடுக்கும்போது ஒரு தாளின் ஒரு முகத்தில் வருகிற இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் எப்போதும் 33 வர வேண்டும்: 32ம் 1ம், மறுமுகத்தில் 2ம் 31ம். 33 வராவிட்டால் எங்கோ பிழை, போட்டோக்கொப்பிக்குக் கொடுக்க முதல் பார். மடித்தால் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே தள்ளும், அதனால் ஓரத்தில் 12 மில்லிமீற்றர் விடு.

படங்களைப் பென்சிலில் விடாதே. கொப்பி எடுக்கும்போது சாம்பல் நிறம் காணாமல் போகும். கறுப்புப் பேனையால் கோடு இழுத்துக் கொடுக்கச் சொல்லு. 80 கிராம் தாளில் மறுபக்கத்து எழுத்து தெரியும், விலை கட்டுமென்றால் 100 கிராம் வாங்கு. அச்சகத்தில் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் கேட்டால், அதற்கு மாற்றிய பிறகு முழுவதையும் திரும்ப வாசி. மேற்கோள் குறிகளும் பிறைக்கோடும் வேறு எழுத்தாக விழுந்திருக்கும். இந்த மழையில் தாள் ஈரம் குடித்து மெஷினில் இறுகும், கட்டை பொலித்தீனில் சுற்றி வீட்டுக்குள் வை.

சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரைக்கும் எட்டாது. அதை விரித்து, ரெஜிபோம் துண்டின்மேல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக் குத்து, பிறகு பின்னைக் கையால் உள்ளே மடி. மேலிருந்து 5 சென்றிமீற்றரில் ஒன்று, கீழிருந்து 5இல் ஒன்று. பின்னின் கூர் வெளியே நிற்காமல் விரலால் தடவிப் பார், சின்னக் கைகள் பிடிக்கிற புத்தகம்.

பிரதி எடுக்க முதல் ஒரு கையெழுத்துப் படியை நாலு பிள்ளைகளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லு. எங்கே தடக்குகிறார்கள் என்று பென்சிலால் குறி. ‘சட்டசபை’யில் தடக்கினால் சொல்லை மாற்றாதே, பக்கத்தில் விளக்கம் போடு. வசனத்தின் நடுவில் தடக்கினால் வசனம் நீளம், உடைத்துவிடு. பொட்டுக்கட்டுதல் பக்கத்தை நீயே கூட இருந்து வாசிக்கவை, கேள்வி வரும்.

திருத்திய மிச்சப் பக்கங்களைத் தை பிறக்க முதல் பஸ்ஸில் போட்டுவிடு. தாய் வருகிற பக்கத்தை மட்டும் ஒருக்கால் முன்னுக்கு அனுப்பு, அதை முதலில் பார்க்க ஆசை.

அன்புடன்,
உன் தோழி