சுட்ட இடத்தில் பற்பசை வேண்டாம், தண்ணீர் ஊற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சமையலறைக் குறிப்புகள் பகுதியில், "எண்ணெய் தெறித்துச் சுட்டுவிட்டால் உடனே பற்பசையைத் தடவுங்கள், கொப்புளம் வராது" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் பல வருடங்கள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. தீபாவளி வேறு நெருங்குகிறது.

எங்கள் வார்டுக்குத் தூக்கிவரும் சிறு பிள்ளைகளில் பலர் வெந்நீரோ சாம்பாரோ மேலே கொட்டி வந்தவர்கள். பற்பசை, இட்லி மாவு, பேனா மை, மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு என்று ஏதாவது ஒன்றை அப்பித்தான் கொண்டுவருவார்கள். புண் எவ்வளவு ஆழம் என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பெரும்பாலும் நிறத்தை வைத்துத்தான் கணிக்க முடியும். மை பூசிய கையில் எந்த நிறத்தைப் பார்ப்பது? காய்ந்துபோன பேஸ்ட்டை சலைன் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுக்கும்போது வெந்த தோலும் சேர்ந்து உரிந்து வரும். "போதும் சிஸ்டர், விட்டுருங்க சிஸ்டர்" என்று பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார். விட்டுவிட முடியாது. எடுத்தாக வேண்டும்.

பற்பசை ஏன் கூடாது என்பது தோலின் அமைப்பு தெரிந்தால் விளங்கிவிடும். நாம் தொட்டுப் பார்க்கும் மேற்பரப்பு, உயிரில்லாத செல்களின் அடுக்கு. மேல்தோலின் அடியில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, தட்டையாகிச் செத்து உதிர்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு வாரம். மேல்தோலின் கனம் உடம்பில் பெரும்பாலான இடங்களில் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். கண் இமையில் அதிலும் பாதி. உள்ளங்காலில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. ரத்தக் குழாய்கள், மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள், எண்ணெய்ச் சுரப்பிகள், தொடுவதையும் வலியையும் உணரும் நரம்புகள் எல்லாம் அதற்குக் கீழே, கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கும் உட்தோலில் இருக்கின்றன. அதற்கும் அடியில் கொழுப்பு.

கொதிக்கும் எண்ணெய் பட்டதும் கையை உதறிவிடுகிறோம். சூடு அதோடு போய்விடுவதில்லை. உட்தோலுக்குள் இறங்கி, தணிகிறவரை அங்குள்ள செல்களைச் சாகடித்துக்கொண்டே இருக்கும். பேஸ்ட் பூசியவுடன் குளுகுளுவென்று இருப்பது உண்மைதான். அதில் உள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. உள்ளே இறங்கிய சூட்டை அது வெளியே எடுப்பதில்லை. எடுக்கக்கூடியது ஓடும் தண்ணீர். குழாயடியில் கையை நீட்டி, முழுதாக 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்தினால் போதாது. உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் அப்போதும் ஊற்றலாம், பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்க வேண்டிய பகுதியையும் கெடுத்துவிடும். நிறைய இடம் வெந்துவிட்ட சிறு குழந்தையை மட்டும் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைக்காதீர்கள், உடம்பு சில்லிட்டுப்போகும். வெந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.

மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு இவற்றை உடனே கழற்றுங்கள். சிறிது நேரத்தில் வீங்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உடம்போடு ஒட்டிக்கொண்ட நைலான் துணியைப் பிய்க்காதீர்கள். துவைத்த பருத்தி வேட்டி ஒன்றால் மூடி, 108-ஐ அழையுங்கள். வாழை இலையில் கிடத்தும் நம் ஊர்ப் பழக்கத்தை மட்டும் நான் பழிக்க மாட்டேன். வாழை இலை புண்ணில் ஒட்டாது. கிருமி நீக்கிய வாழை இலையால் கட்டுப்போடும் முறையை நம் நாட்டு மருத்துவர்களே கையாண்டிருக்கிறார்கள். ஆனால் கொல்லையில் அறுத்த இலையை அப்படியே வைக்கக் கூடாது. எதைச் செய்வதானாலும் தண்ணீருக்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாசு ஆலையில் வெந்து வந்த ஓர் இளைஞர் என்னிடம், "நெஞ்சுல ஒண்ணும் இல்ல சிஸ்டர், வலிக்கவே இல்ல. கையிலதான் உயிர் போகுது, அதைப் பாருங்க" என்றார். கையில் கொப்புளம், சிவப்பு, தாங்க முடியாத வலி. நெஞ்சோ வெளுத்து, விறைத்து, தோல்வார் மாதிரி இருந்தது. அங்கே வலிக்காததற்குக் காரணம், உட்தோலோடு நரம்பு முனைகளும் வெந்து போனதுதான். அவருடைய ஆபத்து நெஞ்சில்தான் இருந்தது. வலி இல்லை, பெரிய காயம் இல்லை என்று வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டுத் தாமதமாகக் கொண்டுவரும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை.

தோல் என்னென்ன வேலை செய்கிறது என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்தது கொஞ்சம். அது இல்லாதவர்களின் கட்டிலருகே நின்று தெரிந்துகொண்டதே அதிகம். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். அதில் ஒரு கை முழுவதும் 9 சதவீதம், ஒரு கால் 18, நெஞ்சும் வயிறும் 18, முதுகு 18, தலை 9 என்று கணக்கிடுவோம். சின்னப் புண் என்றால், அவரவர் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தது ஒரு சதவீதம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 சதவீதம் வெந்திருந்தால், எடையையும் சதவீதத்தையும் நாலால் பெருக்கி 8,000 மில்லி என்று வரும். எட்டு லிட்டர் டிரிப்ஸ்! இதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரமும் வார்டுக்கு வந்ததிலிருந்து தொடங்குவதில்லை, தீப்பட்ட நேரத்திலிருந்தே கணக்கு. அதனால்தான் "எத்தனை மணிக்குச் சுட்டது?" என்று வந்தவுடனே கேட்போம். அழைத்து வருகிறவர்கள் அதைக் குறித்துக்கொண்டு வந்தால் பெரிய உதவி.

இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது? ரத்தக் குழாய்கள் கசிகின்றன. மேலே தடுத்து நிறுத்தத் தோலும் இல்லை. செத்த செல்களும் அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்புமான அந்த மெல்லிய அடுக்குதான் உடம்பின் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருந்தது. வெப்பத்தைப் பிடித்து வைத்திருந்ததும் தோல்தான். மே மாதத்தில், வெளியே வெயில் கொளுத்தும்போது, "குளிருது, போர்த்துங்க" என்று பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் சில நாட்களைத் தாண்டியவர்களையும் பின்னால் கிருமித் தொற்று கொண்டுபோய்விடும். நல்ல தோல் லேசான அமிலத் தன்மையோடு இருந்து கிருமிகளை அடக்கும். அதையும் மீறி நுழைவதைக் கண்டு உடம்பின் எதிர்ப்புப் படைக்குத் தகவல் சொல்லும் செல்களும் மேல்தோலில் உண்டு. பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் 1868-ல், மருத்துவ மாணவராக இருக்கும்போதே, அவற்றைக் கண்டு விவரித்தார். இந்தக் காவல் எல்லாம் ஒரு நிமிடத் தீயில் போய்விடுகிறது.

தங்கள் இணைப்பில் முகம் வெளுக்கக் குறிப்புகள் வாராவாரம் வருகின்றன. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர் செல்லின் கருவைத் தாக்காமல் அந்த மெலனின் குடை பிடிக்கிறது. அதை வெளுக்க வைக்க ஒதுக்கும் இடத்தில் கால் பங்கைத் தீக்காய முதலுதவிக்குக் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தோல் மீண்டும் வளருமா என்று எல்லாரும் கேட்பார்கள். மயிர்க்கால்களின் சுவரிலும் வியர்வைக் குழாய்களின் சுவரிலும் மேல்தோலின் செல்கள் உட்தோலுக்குள் ஆழம்வரை இறங்கியிருக்கின்றன. அவை தப்பியிருந்தால் அங்கிருந்து பரவிப் புண் தானே மூடிவிடும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து வேறிடத்தில் ஒட்ட முடிவதும், சீவிய தொடை இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடுவதும் இதனால்தான். மயிர்க்கால்களும் வெந்துவிட்டால் புண் ஓரத்திலிருந்துதான் மூட வேண்டும். கழுத்தும் முழங்கையும் இழுத்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட தோலில் பழையபடி வியர்க்காது, எண்ணெய்ப் பசையும் சுரக்காது. அதனால்தான் வீட்டுக்குப் போனபிறகும் தினமும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறோம், வெயிலில் வேலைக்குப் போகாதே என்கிறோம். கூலி வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பாதி உடம்புக்கு மேல் வெந்தவருக்கு ஒட்ட அவருடைய தோலே போதாது. அப்போது இறந்தவர்கள் கொடுத்த தோல்தான் உயிரைக் காக்கிறது. அது நிரந்தரமாக ஒட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். ஆனால் அதற்குள் ஈரம் நிற்கும், தொற்று குறையும், நோயாளியின் சீவிய இடம் ஆறி மறுபடி தோல் எடுக்க முடியும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கால், தொடை, முதுகிலிருந்து மேலாக மெல்லிய படலம் மட்டும் எடுப்பார்கள். ரத்தக் கசிவோ உருக்குலைவோ இருக்காது. கட்டுப்போட்டுத்தான் உடலைத் தருவார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் எடுப்பதில்லை. கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது. கண் தானம் நம் மக்களிடம் வேரூன்றியதில் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தோல் தானத்துக்கும் தாங்கள் அதைச் செய்ய வேண்டும்.

அந்தப் பற்பசைக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், தீபாவளி வரை நாள்தோறும் முதல் பக்கத்தில் "சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், வேறெதுவும் பூச வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி போடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை